கம்பவுண்டரின் சுட்டுவிரல்

அவருடைய வலது கைச் சுட்டுவிரலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மனிதர் அதற்குப் பின்னால்தான் வருவார். எந்நேரமும் ஈரத்திலேயே இருந்ததால் அந்த விரலின் நுனி வெளுத்துச் சுருங்கி, நாளெல்லாம் துணி துவைத்தவர் விரல் மாதிரி இருக்கும். நகக்கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு. எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் அந்த விரல் அதற்குள் போகும், வெளியே வரும், வாய்க்குள் போகும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு சப்புக் கொட்டுவார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் தனவணிகர் ஒருவர் தருமத்துக்கு நடத்திய வைத்தியசாலை அது. ஊர்ப் பெயர் வேண்டாம். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். அங்கே ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ஒரு நர்ஸ். நர்ஸ் நான். மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து நேரே அங்கே வந்தேன். ஊரில் யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரி நான் ஒருத்திதான். கம்பவுண்டருக்கு அப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் நல்ல இடங்களில் இருக்கிறார்கள். ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கம்பவுண்டரய்யா என்பார்கள்.

மருந்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நல்ல தராசு இருந்தது. அதன் ஒரு தட்டில் அவர் சீவல் பாக்கு வைத்திருப்பார், இன்னொரு தட்டில் புகையிலைக் காம்பு. மருந்தை நிறுப்பதற்கு அது ஒரு நாளும் பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டால் சிரிப்பார்.

"தராசெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு, தாயி. எனக்குத்தான் நாக்கு இருக்கே."

இதை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் டாக்டர் அவரைச் சோதித்துப் பார்த்தார். காலராக்காரர்களுக்கு நரம்பில் ஏற்றுகிற உப்புநீருக்கு, ஒரு பைண்ட் தண்ணீரில் நூற்றிருபது கிரெயின் உப்பு. டாக்டர் ஒரு காகிதத்தில் உப்பை நிறுத்து எடுத்துவந்து, எவ்வளவு என்று சொல்லாமல் கொடுத்தார். கம்பவுண்டர் காய்ச்சிய தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு, விரலை விட்டு விட்டுச் சப்பி, "போதும்ங்க" என்று நிறுத்தினார். காகிதத்தில் மிஞ்சியதை டாக்டர் நிறுத்தார். தண்ணீருக்குள் போனது நூற்றுப் பதினெட்டு கிரெயின். அன்றைக்கு டாக்டர் அசந்துபோனார். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் இரண்டு பேருடைய புத்தியும் அன்றைக்கே கெட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

வாரம் ஒரு முறை மீமிசலிலிருந்து கருவாட்டுக் கூடைக்காரி வருவாள். ஊர்ப் பெண்கள் கருவாட்டை வாங்குவதற்கு முன் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டுவார்கள். அவர் மிக்சர் மருந்து கலக்குவதை அப்படியே விட்டுவிட்டு, கருவாட்டின் வயிற்றுப் பக்கம் விரலால் தேய்த்து நக்குவார்.

"இது பழசு. மேல மறுபடி உப்புத்தண்ணி தெளிச்சிருக்கா. அங்கிட்டு தூக்கிப் போடு."

சரியாகத்தான் இருக்கும். கூடைக்காரி அவரைத் திட்டிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போவாள். அவர் அதே விரலை மிக்சர் குப்பிக்குள் விட்டு, கசப்பு போதுமா என்று பார்ப்பார். அந்தக் குப்பி பிள்ளை பெற்ற ஒருத்திக்குப் போகும். நான் ஒருமுறை கையைக் கழுவச் சொன்னேன். கழுவினார். கழுவிய தண்ணீரையும் சுவை பார்த்தார், கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டதாம்.

நீரிழிவுக்காரர் ஒருவர் மாதாமாதம் சிறுநீர்க் குப்பியோடு வருவார். யுத்தத்தில் அதைச் சோதிக்கிற மருந்து வருவது நின்றுபோயிற்று. கம்பவுண்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. விரல் உள்ளே போயிற்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் சப்புக் கொட்டிய சத்தம் கேட்டது.

"சக்கரை இருக்குங்க. ஆனா போன மாசத்துக்கு இப்பக் கொறைச்சல்தான்."

நோயாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்து நிமிஷம் கழித்துக் கம்பவுண்டர் தன் மத்தியானப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வடையை இரண்டாகப் பிய்த்து, பாதியை எனக்கு நீட்டினார். நல்ல மனசோடுதான் நீட்டினார். அதுதான் அந்த மனிதரிடம் தாங்க முடியாத விஷயம்.

இருமல் மருந்துக்காகக் காய்ச்சி வைத்த சர்க்கரைப் பாகுக் கரண்டியை நக்கிவிட்டு அப்படியே ஜாடிக்குள் போடுவார். நான் சண்டைக்குப் போனேன்.

"பாகுல எந்தக் கிருமியும் பொழைக்காது தாயி. கிருமி ஒடம்புல இருக்கிற தண்ணிய அது உறிஞ்சிப்புடும். காஞ்சு செத்துப்போகும். டாக்டரக் கேட்டுப் பாரு."

டாக்டரைக் கேட்டேன். கெட்டிப் பாகைப் பொறுத்தவரை அது உண்மை என்றார். இந்த மனிதர் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருந்த ஒவ்வொரு உண்மையும் அவர் நக்குவதற்குத் துணைக்கு வந்தது.

சமஸ்தானத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வைத்தியசாலையைப் பார்க்க வந்தபோது, அவருக்கு ஐஸ்கிரீம் கொடுக்க வேண்டும் என்று தனவணிகர் ஆசைப்பட்டார். திருச்சியிலிருந்து மரத்தூளில் புதைத்து ரயிலில் ஐஸ் வந்தது. பெரிய வாளியில் ஐஸைப் போட்டு, நடுவில் பாலும் சர்க்கரையும் உள்ள தகரக் குவளையை வைத்துச் சுற்ற வேண்டும். ஐஸ் மேல் கல்லுப்பைக் கொட்டச் சொன்னார் டாக்டர். சமையல்காரர்கள் ஒப்பவில்லை, உப்பைப் போட்டால் ஐஸ் உருகிவிடுமே என்றார்கள். உருகத்தான் உருகியது. ஆனால் வாளி முன்னைவிடக் குளிர்ந்து, வெளியே வெள்ளையாகப் பூத்தது.

டாக்டருக்குப் பாடம் சொல்லப் பிடிக்கும். தண்ணீரில் எது கரைந்திருந்தாலும் அது உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும், அதனால்தான் உப்புப் போட்ட ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்த தண்ணீராகிறது என்றார். கொதிப்பதற்கும் கூடுதல் சூடு கேட்கும். நம் இரத்தத்துக்கும் இதே கணக்குதான் என்றார்.

"இதுல என்ன விசேஷம்னா, கரைஞ்சது உப்பா சக்கரையாங்கிறது முக்கியமில்ல. எத்தனை துகள் கரைஞ்சிருக்குங்கிறதுதான் கணக்கு. ஒரே எடைக்குப் பாத்தா உப்புல துகள் பல மடங்கு கூட."

"அப்ப ருசிக்கு இதுல வேலையே இல்லையா?" என்றார் கம்பவுண்டர்.

"இல்ல. தண்ணி எண்ணிக்கையத்தான் பாக்கும்."

கம்பவுண்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாளியின் உப்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நக்கினார். பிறகு தகரக் குவளையில் விட்டு நக்கினார். திரும்பவும் வாளி, திரும்பவும் குவளை. அதிகாரி மூன்று கிண்ணம் சாப்பிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, செம்பருத்திச் செடிக்குக் கொட்டினேன்.

அந்தக் கோடையில் காலரா வந்தது. முதலில் ஊருக்கு வெளியே நாலு வீட்டில், பிறகு எல்லாத் தெருவிலும். ஊர் கூடி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். பதினைந்து நாள் ஒரு வீட்டிலும் தாளிக்கக் கூடாது, சமையலில் ஒரு கல் உப்புச் சேர்க்கக் கூடாது. அங்கே அதுதான் வழக்கம். எனக்குச் சோறு போட்ட வீட்டிலும் உப்பில்லாச் சோறுதான். நான் என் அறையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு பிழைத்தேன்.

கம்பவுண்டர் விரதத்தில் கெட்டி. மோர்கூட உப்பில்லாமல்தான் குடித்தார். ஆனால் விரலை மட்டும் விரதத்தில் சேர்க்கவில்லை. முன்பெல்லாம் விழுங்குவார், இப்போது நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சன்னல் வழியாகத் துப்பினார். துப்பிவிட்டால் விரதம் கெடாதாம். சன்னலுக்கு வெளியே நான் கட்டுத் துணி காயப்போடுகிற கொடி இருந்தது. கொடியை நான்தான் இடம் மாற்ற வேண்டியிருந்தது.

உப்புநீருக்கு அதுவரை சென்னையிலிருந்து மாத்திரை வரும். ஒரு பைண்ட் தண்ணீருக்கு ஒன்று போட்டால் அளவு சரியாக இருக்கும். காப்புக் கட்டிப் பதினோராம் நாள் மாத்திரை தீரும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று காலையில் இரண்டு பேர் மோசமாகக் கிடந்தார்கள். ஒருவர் ஆலங்குடிப் பக்கம் பாரம் ஏற்றுகிற வண்டிக்காரர், நாற்பது வயது இருக்கும். அவர் மனைவி அழகம்மாள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி கருப்பாயி, புதிதாகக் கல்யாணமான பெண். டாக்டர் இருவருக்கும் கணுக்கால் நரம்பைத் திறந்து குழாய் வைத்தார். மிச்சமிருந்த ஒரே மாத்திரையைக் கருப்பாயிக்குக் கரைத்தார். அடுத்த ஊரில் ஊசி போடப் போக வேண்டியிருந்தது. புறப்படும்போது உப்பின் அளவைச் சீட்டில் எழுதிக் கம்பவுண்டரிடம் கொடுத்தார்.

"நிறுத்துப் போடுங்க."

"ஆகட்டும்ங்க," என்றார் கம்பவுண்டர்.

நிறுக்கவில்லை. பெரிய ஜாடி நிறையக் காய்ச்சிய தண்ணீரை எடுத்து, உப்பைப் போட்டு, விரலை விட்டு, துப்பி, "பதமா இருக்கு" என்றார். நான் அங்கேதான் நின்றேன், பார்த்தேன். மறுபேச்சுப் பேசவில்லை. கை நிறைய வேலை இருந்தது, அவர் நாக்கின் மேல் நம்பிக்கையும் இருந்தது.

அந்தத் தண்ணீர் வண்டிக்காரருக்கு ஏறத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அவருக்கு நடுக்கம் எடுத்தது. உப்புநீர் ஏற்றும்போது அந்தக் காலத்தில் நடுக்கம் வருவது சகஜம். கம்பளி போர்த்தினேன். பிறகு இடுப்பு வலி என்று முனகினார். குடுவை காலியாகிச் சிறிது நேரத்தில் சிறுநீர் இறங்கியது. காலராவில் சிறுநீர் கட்டிப்போய்த்தான் ஆள் சாவான், இறங்கினால் பிழைத்தான் என்று அர்த்தம். கம்பவுண்டருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா அழகம்மா, எறங்கிருச்சு. ஒம்புருசன் எந்திரிச்சு வண்டி பூட்டப் போறாரு."

நான் பாத்திரத்தைப் பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. கம்பவுண்டரின் விரல் அதை நோக்கி நீண்டது. பாத்திரத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரத்தத்தில் மிதக்கிற சிவப்பணுக்கள் மெல்லிய தோல் பைகள். சுற்றியுள்ள நீரில் உப்புக் குறைந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து பை உப்பி வெடிக்கும், உள்ளே இருக்கிற சாயம் சிறுநீரில் கறுப்பாய் இறங்கும். நான் நிமிர்ந்தபோது கருப்பாயியின் குடுவை முடியும் தறுவாயில் இருந்தது. கம்பவுண்டர் ஜாடியிலிருந்து அவளுக்கு ஊற்ற மொண்டுவிட்டார்.

"கம்பவுண்டரய்யா, அத ஊத்தாதீங்க."

"ஏன் தாயி?"

"இதுல உப்புப் பத்தாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான். நான் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தேன். ஒன்றில் கருப்பாயியின் குடுவையில் கடைசியாக மிஞ்சிய மாத்திரைத் தண்ணீர், இன்னொன்றில் அவர் ஜாடித் தண்ணீர். என் விரலில் ஊசியால் குத்தி இரண்டிலும் இரண்டிரண்டு சொட்டு இரத்தம் விட்டேன். பின்னால் ஒரு பழைய செய்தித்தாளைப் பிடித்துக் காட்டினேன். மாத்திரைத் தண்ணீர் சிவப்பாகக் கலங்கி நின்றது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அவருடைய தண்ணீர் சோடாக் கடைக் கலர் மாதிரித் தெளிந்த சிவப்பாயிற்று. அதன் வழியே ஒவ்வொரு எழுத்தும் துலக்கமாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா? இதுல அணு எல்லாம் வெடிச்சுப்போச்சு. அவரு ஒடம்புலயும் இப்ப இதான் நடக்குது."

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாய்த்து, விரல் நுனியை நனைத்தார். என் இரத்தம் கலந்த அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, சப்புக் கொட்டி, சன்னலுக்கு வெளியே துப்பினார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு தாயி. சொல்லப்போனா கொஞ்சம் தூக்கல்."

குழாயை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஆனால் அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பதினோரு நாள் உப்புப் படாத நாக்கு. அதற்கு ஒரு சிட்டிகை உப்பே கடுமையாகக் கரித்திருக்கும். ஊறுகாய் தின்ற எனக்கு அந்தத் தண்ணீர் சப்பென்று இருந்திருக்கும். நான் நாக்கில் வைத்துப் பார்க்க மறுத்தவள், அதில் எனக்குப் பெருமை வேறு.

தராசுத் தட்டிலிருந்த பாக்கையும் புகையிலையையும் தரையில் கொட்டினேன். உப்பை நிறுத்து, புதிதாகத் தண்ணீர் காய்ச்சி ஆற்றி, கருப்பாயிக்கு ஏற்றினேன். வண்டிக்காரருக்கும் ஏற்றினேன். கருப்பாயி பிழைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் பொழுது சாயும் முன்னே போய்விட்டார்.

டாக்டர் வந்ததும் ஜாடியில் மிஞ்சியதில் ஒரு பைண்டைக் கொதிக்கவைத்து வற்றவிட்டார். அடியில் தங்கிய உப்பை நிறுத்தார். நூற்றிருபது இருக்க வேண்டிய இடத்தில் முப்பது கிரெயின். தராசுப் பெட்டியைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"காலரான்னே எழுதிருவோம் சிஸ்டர். வெளிய தெரிஞ்சா அவர அடிச்சே கொன்னுருவாங்க. அப்புறம் ஒருத்தரும் இந்தத் தண்ணிய ஏத்திக்க வரமாட்டாங்க. இன்னும் எத்தனை பேரு சாவாங்களோ."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் தலையாட்டினேன்.

கம்பவுண்டர் அழுதார் என்று எழுத ஆசைதான். அழவில்லை. யுத்த உப்பில் கலப்படம், அதனால்தான் இப்படி என்றார். ஆனால் மறுநாளிலிருந்து தராசில் நிறுக்கத் தொடங்கினார். நிறுத்துக் கரைத்த பிறகு விரலை விட்டுச் சப்பிப் பார்த்து, "தராசு சரியாத்தான் இருக்கு" என்று எனக்கு அறிவிப்பார்.

ஒரு மாதம் கழித்து அழகம்மாள் வந்தாள். மருந்துக்கு வந்தவள் மாதிரி வரிசையில் நின்று, எல்லாரும் போகும்வரை இருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் நர்ஸம்மா. யார்ட்டயும் சொல்லிறாதீங்க. அன்னைக்கு வெடியக்கால அவரு நாக்கு வறளுதுன்னாரு. நீராகாரத்துல கொஞ்சூண்டு உப்புப் போட்டுக் குடுத்தேன். காப்புக் கட்டியிருக்குன்னு தெரிஞ்சேதான் போட்டேன். அவருக்கு உப்பில்லாம எறங்காது."

நான் கையிலிருந்த கட்டுத் துணியைக் கீழே வைத்தேன்.

"அந்த உப்பாலதான் ஆத்தா அவரக் கொண்டுக்கிட்டாளா?"

"இல்லம்மா. உப்பால இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப எதனாலங்க? கருப்பாயியும் அதே நோவுலதான கெடந்தா. அவ எந்திரிச்சிட்டா. இவரு மட்டும் எதனால போனாரு?"

உப்பு இல்லாததால் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ கொடுத்த அந்தக் கொஞ்சூண்டு உப்பு ஒரு பாவமும் செய்யவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே மருந்து அறையில் கம்பவுண்டர் ஏதோ ஒரு குப்பியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் டாக்டரிடம் தலையாட்டியவள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அழகம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்களே வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க. அப்ப நாந்தான் கொன்னுருக்கேன்."

வாசலைத் தாண்டி, வெயிலில் இறங்கி, தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் நடந்து போனாள். எழுந்து பின்னாலேயே போயிருந்தால் எட்டிப் பிடித்திருப்பேன். நான் உட்கார்ந்தே இருந்தேன்.